பாஸ்வரத்தின் வரவும் செலவும்

ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில் வாழ்ந்த ஹென்னிங் பிராண்டு என்னும் இரசவாதி, பொன்னாக்கும் பொருளை நாடி, 1669-ஆம் ஆண்டில் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்தார். பொன் கிடைத்திலது, இருளில் தானே ஒளிரும் பாஸ்வரம் கிடைத்தது. அஃது அவருக்குச் சிறுநீரில் அகப்பட்டது ஏன் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தனித்த வெண்பாஸ்வரம் கொடிய நஞ்சு. உயிர்வளியோடு கூடிப் பாஸ்பேட்டு என்னும் உப்பாக நிற்குங்கால், அதுவே உயிர்க்கு உறுதுணையாகின்றது. வளர்ந்த மனிதனுடம்பில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்வரம் உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் சுண்ணத்தோடு பிணைந்து கிடக்கும். எஞ்சியது உயிரணுதோறும் பரந்து, உணவின் ஆற்றலை உடலின் வினைகளுக்கு உதவச் செய்யும்.

பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றால் இஃது உடம்பை எய்துகின்றது. உணவு செரித்தபின் சிறுகுடலின் சுவர் இதனை உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கும். அதற்கு வைட்டமின் டி துணைபுரியும். தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள பாஸ்வரத்திற் பெரும்பகுதி பைட்டிக் அமிலத்துட் பூட்டுண்டு கிடத்தலின் எளிதில் விடுபடாது. நம் அன்னையர் பயற்றை முளைகட்டுவதும், இட்டலி மாவைப் புளிக்கவைப்பதும் அப்பூட்டைத் தளர்த்துகின்றன.

இனி, ஈரல் சுரக்கும் பித்தநீரிலும் பாஸ்வரம் உண்டு. ஆங்கு அது லெசிதின் என்னும் கொழுப்புப் பொருளின் உறுப்பாக நின்று, நீரிற் கரையாத கொலஸ்டிரால் படியாதவாறு காக்கின்றது. அவ்வாறாயின் பித்தநீர் வழியாகப் பாஸ்வரம் கழிந்தொழிகின்றதோ எனின், அன்று. குடலை அடைந்த லெசிதின் செரிக்கப்பெற்று, அதன் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்படுகின்றது. ஆதலின் ஈரல் குடலுக்கு ஈவது கடனேயன்றிச் செலவன்று.

மெய்யான செலவு சிறுநீரகத்தில் நிகழ்கின்றது. அது குருதியை வடித்து, வேண்டுமளவு பாஸ்பேட்டை மீட்டுக்கொண்டு, மிகுந்ததைச் சிறுநீரில் விடுக்கும். அவ்வளவை வரையறுப்பன, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் எலும்புகளும் அனுப்பும் ஹார்மோன்களாம். பிராண்டு கண்ட ஒளி இவ்வாறு கழிந்த பாஸ்வரத்தின் ஒளியே.

சிறுநீரகம் பழுதுறின் இவ்வாயில் அடைபடும். பாஸ்வரம் குருதியில் தேங்கும், எலும்பு வலிகுன்றும், குருதிக்குழாய்ச் சுவர்களில் சுண்ணம் படிந்து இறுகும், இதயமும் நலியும். பதனிட்ட உணவுகளிலும் சில கருநிறக் குளிர்பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்டுகள் பூட்டின்றி நிற்றலின் விரைவில் உட்புகும். சிறுநீரக நோயுற்றார் அவற்றை விலக்குக என மருத்துவர் வற்புறுத்துவது இதுபற்றியேயாம். அத்தகையார் நம் இல்லத்தில் இருப்பின், அவர்க்கு இடும் உணவில் இவ்வுண்மையை மறவாதிருத்தல் நம் கடனாகும்.