டீயில் இருக்கும் பால்

அம்பர்நாத்தில் விடிவதற்கு முன்பே பால் பாக்கெட் கிரேட்டுகள் கடை வாசலில் இறங்கிவிடும். கல்யாணைத் தாண்டி கர்ஜத் பக்கம் போகும் பாதையில், உல்லாஸ்நகருக்கும் பத்லாப்பூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவன் கோயிலும், படைத்தளவாடத் தொழிற்சாலையும், ரசாயன ஆலைகளும் இதன் அடையாளங்கள். தாராவியில் இடம் போதாமலும் மாட்டுங்கா, செம்பூர் வாடகை கட்டுப்படியாகாமலும் இந்தப் பக்கம் நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. திருநெல்வேலிப் பேச்சைக் காலையில் டீக்கடையிலும் மாலையில் காய்கறி வண்டிப் பக்கத்திலும் கேட்கலாம்.

அப்படி ஒரு வீட்டில், நாலு வயதுப் பையன் காரி பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். "அக்கா, புள்ளைக்குப் பால் குடுக்கிறதில்லையா?" என்று கேட்டேன். "டீ குடுக்கேனே தம்பி, அதுல பால்தானே இருக்கு?" என்றார்.

அந்தப் பதிலை என்னால் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. டீயில் பால் இருக்கிறது. எவ்வளவு பால், அந்தப் பாலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வைட்டமின் ஏ தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆகவே பாலில் இருக்கிற வைட்டமின் ஏ, பாலின் வெண்ணெய்க்குள் இருக்கிறது. வெண்ணெயை எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். இதற்கு மும்பையை விட நல்ல சாட்சி கிடையாது. ஏனென்றால் 'டோன்ட் மில்க்' பிறந்ததே இங்கேதான். பம்பாயின் பால் கமிஷனராக இருந்த தாரா குரோடி, 1946இல் கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரையும் கலந்து, ஒரு லிட்டரை ஏறக்குறைய இரண்டு லிட்டராக்கும் வழியைக் கண்டார். விலை குறைந்தது, பாலையே பார்க்காத வீடுகளுக்குப் பால் போனது. 1949இல் ஆரே பால் காலனியும் எழுந்தது. 1963இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் இருவருடன் சேர்ந்து குரோடிக்கு மகசேசே விருது கிடைத்தது. அது தகுதியான விருது. அந்த மனிதர் ஏழை வீட்டு அடுப்பை நினைத்துச் செய்த வேலை அது.

ஆனால் கணக்கில் ஒன்று குறைந்தது. எருமைப் பாலில் கொழுப்பு ஆறு, ஏழு சதவீதம் இருக்கும். டோன்ட் பாலில் 3. டபுள் டோன்டில் 1.5. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பவுடர் வழியாகத் திரும்பி வந்துவிடும். வைட்டமின் ஏ வராது. பாக்கெட்டின் விலை இறங்க இறங்க அதுவும் இறங்குகிறது. மலிவான பாக்கெட்டை வாங்குகிறவரின் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை என்பது மனதை அறுக்கிற விஷயம்.

இழந்ததைத் திரும்பச் சேர்க்கலாம். லிட்டருக்குச் சில பைசா செலவில் பால் பண்ணையிலேயே வைட்டமின் ஏ, டி இரண்டையும் கலந்துவிட முடியும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி, செறிவூட்டிய பால் லிட்டரில் 270 முதல் 450 மைக்ரோகிராம் வரை வைட்டமின் ஏ இருக்க வேண்டும். பாக்கெட்டில் நீல நிறத்தில் '+எஃப்' முத்திரை இருக்கும். ஆனால் கலப்பதும் கலக்காததும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. வனஸ்பதியில் வைட்டமின் ஏ சேர்ப்பதை 1953லேயே கட்டாயமாக்கிய நாடு இது. அன்று வனஸ்பதிக்குக் காட்டிய உறுதியைப் பாலுக்கும் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

சரி, அந்தப் பையனின் டீக்கு வருவோம். அரை தம்ளர் டீயில் முப்பது மில்லி பால் இருந்தால் அதிகம். காலையும் மாலையுமாக அறுபது மில்லி. அது முத்திரை போட்ட பாலாகவே இருந்தாலும் 16 முதல் 27 மைக்ரோகிராம்தான் வரும். நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 510 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. அவன் அப்பா ஆலையில் ஐந்து கட்டிங் டீ குடித்தாலும் அவருடைய 1000 மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. அதற்கு மேல், டீயில் இருக்கிற துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். பிள்ளைக்கு டீ கொடுப்பதில் வரவு சொற்பம், நஷ்டம் நிச்சயம். அதே பாலை டீத்தூள் போடாமல் ஒரு தம்ளர், 200 மில்லி, அப்படியே கொடுத்தால் 54 முதல் 90 வரை கிடைக்கும். அதுவும் முழுத் தேவை இல்லை. ஆனாலும் அது வேறு கணக்கு.

இந்தச் சத்து குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் பிள்ளை சுவரைத் தடவி நடக்கும். வெள்ளை விழியில் நுரைபோலப் புள்ளி தோன்றும். அப்புறம் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, உருகிப் போகும். அந்தக் கட்டத்துக்குப் போன பார்வை திரும்பாது. ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது, மருந்து தெரிந்திருந்தது. ஈரல்தான் உடம்பு வைட்டமின் ஏயைச் சேமித்து வைக்கிற இடம்.

கண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை இது. தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹமத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை வாய்வழியாகச் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். 1990இல் முடிவு வெளியானது: அந்தக் குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. அம்மை, வயிற்றுப்போக்கு போன்ற நோய்களைத் தாங்கி எழுகிற வலுவையே இந்தச் சத்து கொடுக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகளில் அது ஒன்று. காவிரிக்கரைக் கிராமங்களின் பிள்ளைகள் உலகத்துக்குச் செய்த உபகாரம் என்றே அதை நினைக்கிறேன்.

இந்திய அரசு 1970 முதலே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவத்தைக் கொடுத்துவருகிறது. ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு லட்சம் யூனிட். மொத்தம் ஒன்பது முறை. வாடகை வீடு மாறி மாறி வருகிற குடும்பங்களில்தான் இது விட்டுப் போகிறது; பழைய அங்கன்வாடியில் பெயர் இருக்கும், புதிய இடத்தில் இருக்காது. பார்வை போகிற அளவுக்கு முற்றிய குறைபாடு இப்போது அரிதாகிவிட்டது, நல்ல செய்தி. ஆனால் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவாக இருந்தது. வெளியே தெரியாத குறை அது.

குடிக்கிற பொருளில் இந்தச் சத்து கிடைக்காமல் போவது நம்மிடம் மட்டுமில்லை. மத்திய ஆப்பிரிக்க நாடுகளில் எண்ணெய்ப் பனை என்று ஒரு மரம். அதன் சாறு கள்ளாகிறது. ஊர் கூடிக் குடிக்கிறார்கள். அந்தக் கள்ளில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதே மரத்தின் பழத்தைப் பிழிந்தால் ரத்தச் சிவப்பில் எண்ணெய் வரும். அந்தச் சிவப்பு முழுவதும் கரோட்டீன். உடம்பு அதை வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். காங்கோவிலும் கேமரூனிலும் எத்தனையோ குழந்தைகளின் கண்ணைக் காப்பது இந்தச் சமையல் எண்ணெய்தான். அதைச் சுத்திகரித்து வெளுக்க வைத்தால் கரோட்டீன் போய்விடும். கொழுப்பு நீக்கிய பாலின் கதையேதான்.

நம்மிடமும் அப்படி ஒரு மரம் உண்டு. பனையின் பதநீர் இனிக்கும், குளிர்ச்சி தரும். அதில் தேடினால் இந்தச் சத்து கிடைக்காது. பனம்பழத்தில் இருக்கிறது. அந்த ஆரஞ்சு நிறச் சதையே அதற்கு அடையாளம்.

அம்பர்நாத்தில் கைக்கெட்டுவது முருங்கை. மராத்தியில் ஷெவ்கா. காயை விலை கொடுத்து வாங்குகிற ஊரில் கீரை பல இடங்களில் கேட்பாரற்று நிற்கிறது. ஒரு கைப்பிடிக் கீரையை எண்ணெய் விட்டு வதக்கினால், அப்பாவின் ஐந்து கட்டிங்கையும் சேர்த்தால் வருவதைப்போலப் பல மடங்கு கிடைக்கும். எண்ணெய் கட்டாயம் வேண்டும். கொழுப்பில்லாமல் இது உடம்பில் ஒட்டாது. அந்த எண்ணெயும் '+எஃப்' முத்திரை உள்ள பாக்கெட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பப்பாளி, பரங்கி, மாம்பழம் இவையும் கணக்கில் சேரும்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பனம்பழத்தில்தான் நின்றுவிட்டார். ஊரில் ஆவணி மாதம் பழத்தைச் சுட்டு, நாரோடு சப்பி, வாயும் கையும் மஞ்சளாகத் திரிந்ததைச் சொன்னார். "இங்க நுங்கு வரும் தம்பி, தாட்கோலான்னு விப்பாங்க. பழம் வாறதே இல்ல" என்றார். பையன் காரியின் கடைசித் துண்டைத் தம்ளரின் அடியில் தேடிக்கொண்டிருந்தான். அக்கா அந்தத் தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, பின்பக்கத்து வீட்டு முருங்கையில் கிளை ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்கக் கிளம்பினார்.