வாய்க்காலின் வெள்ளிப்பொட்டு மீன்

பெரும்போகத்துக்குக் குளத்து நீர் திறக்கப்பட்டுச் சில நாட்கள் சென்றபின் வரம்பில் நின்று குனிந்து நோக்கும் கமக்காரர், நீர்மட்டத்தை ஒட்டி அசையாது நிற்கும் சிறு மீன்களைக் காண்பர். நீளம் இரண்டு அங்குலமளவே. தலையுச்சியில் வெள்ளிப்பொட்டொன்று மின்னும். ஆள் நிழல் பட்டதும் பொட்டுகளெல்லாம் சிதறியோடும். அப்லோகைலஸ் பார்வஸ் என விஞ்ஞானிகள் பெயரிட்ட இம்மீன் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியது. கறிக்கு உதவாமையால் இதனைப் பொருட்படுத்துவோர் சிலரே.

இதன் தலை தட்டையானது, வாயோ மேல்நோக்கியது. நீரில் விழும் பூச்சிகளையும், மூச்செடுக்க மேலே வரும் நுளம்புக் குடம்பிகளையும் பிடித்துண்பதற்கு ஏற்ற அமைப்பு இது. பயிரைத் தாக்கும் பூச்சிகளை இம்மீன் ஒழித்துவிடும் என்று எண்ணுதல் மிகையாகும். நுளம்பைக் குறைப்பதே இதன் தொழில்.

அத்தொழில் அற்பமானதன்று. 1934–35 இல் மலேரியாவால் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் வயல்நீரில் பெருகும் வேறொரு நுளம்பு யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பவல்லது. 1985–86 இல் அனுராதபுரப் பகுதியில் அந்நோய் உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. வயலிலே குடம்பியைத் தின்னும் மீன் இருப்பது மேலும் ஒரு காவல்.

இக்காவலை அழிப்பது பெரும்பாலும் கிருமிநாசினியே. மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பான் 1998 இல் தடைசெய்யப்பட்டது. எனினும் பைரெத்ரொயிட் வகை மருந்துகளும் மீனைக் கொல்பவையே. நஞ்சின் வேகம் தணிந்ததும் நுளம்பு பறந்துவந்து முட்டையிடும். மீனோ நீர்வழியாகவே திரும்பி வரவேண்டும்; அதுவரை குடம்பிக்குப் பகையில்லை. ஆகவே பூச்சியின் தாக்கத்தை நேரிற் கண்ட பின்னரே மருந்து தெளித்தல் வேண்டும். தெளிக்குமுன் வக்கடையை அடைத்து, மருந்துநீர் வாய்க்காலிற் சேராது காத்தல் வேண்டும். வேலை முடிந்த களைப்பில் தெளிகருவியை வாய்க்காலிலேயே அலசிவிடுவது பலரிடமுள்ள வழக்கம். கீழ்வயற்காரரும் அந்நீரையே பாய்ச்சுகிறார் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

அறுவடைக்கு நீரை வடிக்கும்போது வயலின் தாழ்ந்த மூலையில் இரண்டடி ஆழக் குழியொன்று இருப்பின் மீன்கள் அங்கே ஒதுங்கும். இவை நீர்ச்செடிகளில் முட்டையை ஒட்டவிடுவதால், வாய்க்காலைத் துப்புரவாக்கும்போது இரு கரையையும் ஒரேநாளிற் செதுக்காது, ஒரு கரையைச் சில வாரம் விட்டுவைப்பது நன்று.

மரக்கறித் தோட்டத்து நீர்த்தொட்டியிலும் பத்து மீன்களை விடலாம். இவை துள்ளிப் பாய்பவை. தொட்டி விளிம்புவரை நிரம்பியிருப்பின் வெளியே விழுந்து மடியும். கப்பி போன்ற பிறநாட்டு மீன்களை வாங்கி வாய்க்காலில் விடவேண்டியதில்லை.