கடலடியோடு கட்டிப்போடாத பாலம்

பாலம் கட்டுபவர்கள் முதலில் தேடுவது பாறையை. கிரீஸ் நாட்டின் கொரிந்து வளைகுடாவில், ரியோன், அந்திரியோன் ஆகிய ஊர்களுக்கு நடுவே அது கிடைக்கவில்லை. 65 மீட்டர் ஆழத் தண்ணீர். அதன் கீழே மணலும் வண்டலும் களிமண்ணும்தான். போதாக்குறைக்கு, நிலநடுக்கப் பகுதி. ரியோன் இருக்கும் பெலொபொனீஸ் தீபகற்பம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் எதிர்க்கரையை விட்டு விலகிக்கொண்டும் இருக்கிறது. இங்கே 2004 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பாலத்தின் மொத்த நீளம் 2,880 மீட்டர்.

ஏன் கேபிள் பாலம்?

தொங்குபாலத்தின் பிரதான வடங்களைக் கரையில் புதைத்த பெரிய நங்கூரங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்திரியோன் பக்கத்துச் சரிவு அதற்கு உறுதியானதாக இல்லை. கேபிள் பாலத்தில் வடங்கள் கோபுரத்திலிருந்து நேராகச் சாலைத்தளத்துக்கு இறங்குகின்றன. கோபுரத்தின் இருபுறமும் இழுவிசை சமமாவதால் கரை நங்கூரம் தேவையில்லை. நான்கு கோபுரங்கள், அவற்றுக்கிடையே தலா 560 மீட்டர் இடைவெளி.

தூண் எதன்மேல் நிற்கிறது?

கோபுரங்களைத் தாங்கும் நான்கு தூண்களில் மூன்றின் அடியில், 2 மீட்டர் விட்டமும் 25 முதல் 30 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுக் குழாய்களை மண்ணில் இறக்கினார்கள். ஒரு தூணுக்குச் சுமார் 200 குழாய்கள். இவை மண்ணை வலுப்படுத்துகின்றன. அவற்றின்மேல் சுமார் 3 மீட்டர் கனத்துக்குச் சரளைக்கல் பரப்பி, அதன்மீது 90 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் அடித்தளத்தை வைத்தார்கள். குழாய்க்கும் அடித்தளத்துக்கும் எந்தப் பிணைப்பும் கிடையாது. நிலம் பலமாகக் குலுங்கினால் அடித்தளம் சரளையின்மேல் வழுக்கும். உராய்வு தாங்கும் அளவுக்கு மேல் விசை தூணுக்கு ஏறாது. தூண் சற்று இடம் மாறலாம். முறியவோ கவிழவோ கூடாது என்பதே கணக்கு.

தளம் என்ன செய்யும்?

பாலத்தின் மொத்த நீளத்தில் வடங்கள் தாங்கும் 2,252 மீட்டர் நீளத் தளம் முழுவதும் ஒரே துண்டு. அது கோபுரங்களின்மேல் உட்காரவில்லை, வடங்களில் தொங்குகிறது. காற்றில் பக்கவாட்டில் ஆடாதபடி ஒவ்வொரு கோபுரத்திலும் ஓர் இரும்புப் பிணைப்பு பிடித்துக்கொள்கிறது. வீட்டு ஃபியூஸைப் போல, பெரிய நிலநடுக்கத்தில் முதலில் அறுவது அதுதான். அதன்பின் திரவம் நிரப்பிய அதிர்வுத் தணிப்பான்கள் ஆட்டத்தை விழுங்குகின்றன. பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் 2 மீட்டர் வரை விலகினாலும் தாங்கும்படி பாலம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சோதனைகள்

2008 ஜூனில் மேற்கு பெலொபொனீஸை 6.4 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. பாலத்துக்குச் சேதமில்லை. அதற்கு முன்பே, 2005 ஜனவரியில், வேறொரு சோதனை வந்திருந்தது: மின்னல் தாக்கித் தீப்பிடித்ததில் ஒரு வடம் அறுந்து விழுந்தது. போக்குவரத்தை நிறுத்தி வடத்தை மாற்றினார்கள், பாலம் நின்றது. கேபிள் பாலத்தில் சுமை நூற்றுக்கணக்கான வடங்களுக்குப் பகிரப்படுகிறது. ஒன்று போனால் அக்கம்பக்கத்து வடங்கள் அதன் பங்கைச் சுமந்துகொள்ளும்.