அழைப்பவர் யார்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமி. கண்மாய்கள் பல உண்டு. அவற்றில் நீர் நிற்கும் மாதங்களோ சில. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கைகொடுத்தால் மிளகாயும் மல்லியும் பருத்தியும் சோளமும் விளையும். கைவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதே பலருக்குப் பிழைப்பு. இம்மண்ணில் பிறந்தோர் கடல் கடந்து வேலை தேடிச் செல்வது வியப்பன்று. செல்வது சரியா, தவறா என்று நாம் இங்கு வாதிட விரும்பவில்லை. நம் பிள்ளைகளை அழைப்பவர் யார், அவர் நம்பத்தக்கவர் என்று நற்சான்று தந்தவர் யார் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்குப் பணியகத்திற்கு வந்தார். மகன் ஐ.டி.ஐ.யில் பற்றவைப்புத் தொழில் பயின்றவன். "சாமி, தம்பிக்கு விசா வந்திருச்சு. நாளைக்குப் பூசையில வேண்டிக்கிடுங்க" என்று சொல்லித் தாளொன்றை நீட்டினார். காதில் கிடந்த தோடு இல்லை. ஒரு குறுக்கம் நிலமும் கடனுக்கு ஈடாகப் போயிருந்தது. அத்தாளை நாம் கையில் வாங்கினோம், ஆனால் படிக்கவில்லை. ஆசி கூறி அனுப்பிவிட்டோம்.

அது வேலைக்கான விசா அன்று. சுற்றுலாப் பயணிக்குரிய விசா. வளைகுடா நாட்டில் இறங்கிய இளைஞனை அழைத்துச் செல்ல வந்தவர், ஒப்பந்தத்தில் பெயர் கண்டிருந்த முதலாளி அல்லர். பற்றவைப்பு வேலையும் இல்லை. கிடைத்தது சுமை தூக்கும் வேலை. எட்டு மாதம் கழித்து வெறுங்கையோடு திரும்பினான். கடன் மட்டும் வட்டியோடு வளர்ந்து நின்றது. நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது அத்தாய் நம்மைக் குறை கூறவில்லை. "நீங்க என்ன சாமி பண்ணுவீங்க?" என்றார். அச்சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது. நாம் செய்திருக்கக் கூடியது ஒன்று இருந்தது: அத்தாளைப் படித்திருக்கலாம்.

நம் பாட்டனார் கண்ட கங்காணி

இத்துயரம் நமக்குப் புதிதன்று. நம் பகுதி 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்றன. அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் உறவுக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார், முன்பணம் தருவார். அம்முன்பணமே பின்னர் விலங்காயிற்று. இலங்கையில் 'துண்டு' என்றொரு சீட்டு முறை இருந்தது. கடனைத் தீர்த்தால் ஆட்களை விட்டுவிடுவதாக ஒரு தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டு அது. அடுத்த தோட்டம் அக்கடனை ஏற்க, ஆட்கள் கடனோடு கைமாறினர். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்பை அரசின் கண்காணிப்புக்குக் கொண்டுவந்தது. எனினும் குறைகள் தீரவில்லை. 1938இல் மலாயாவிற்கும் 1939இல் இலங்கைக்கும் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

அக்காலத்தும் ஒரு நல்ல நெறி இருந்ததை மறுப்பதற்கில்லை. மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் அனைவரும் அதில் பணம் செலுத்த, ஆட்களின் பயணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆள் தேவைப்படுவோரே செலவை ஏற்கவேண்டும் என்பது அதன் பொருள். நூறாண்டு கடந்தும் நம் தாய்மார்கள் தோட்டை அடகு வைத்து அச்செலவை ஏற்கின்றனரே, இது முன்னேற்றமா?

சட்டம் அமைத்த வேலி

இப்போது நம்மைக் காக்க உள்ளது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அதன்படி அரசிடம் பதிவுச் சான்று பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் ஆகாது. பதிவு பெற்ற முகவர் வங்கி உத்தரவாதம் தரவேண்டும். அவர் பணியாளரிடம் பெறத்தக்க சேவைக் கட்டணம் ரூ.30,000, அதற்குரிய வரி தனி. அதற்கு மேல் கேட்பது சட்டமீறல்.

முதலாளியும் தப்ப இயலாது. 'இ-மைகிரேட்' என்னும் கணினி முறையில் வெளிநாட்டு முதலாளி தம்மைப் பதிவு செய்து, எத்தனை பேர், எவ்வேலைக்கு, எவ்வளவு ஊதியத்திற்கு என்று அறிவிக்கவேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகம் அதனைச் சரிபார்க்கும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உள்ளது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் பணியாற்றி வருகிறது.

ஆயினும் இவ்வேலியில் இரு திறப்புகள் உண்டு. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில், பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். தேறியவருக்கு அவ்வனுமதி தேவையில்லை. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். ஆனால் நம் ஐ.டி.ஐ. பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்புத் தேறியவரே. யாரும் சரிபார்க்காமலேயே அவர்கள் விமானம் ஏறிவிடலாம். இரண்டாவது, தண்டனை. சட்டத்தை மீறுவோருக்கு ஈராண்டு வரை சிறை என்பது சரியே, அபராதமோ ரூ.2,000 வரை மட்டும். ஒருவனிடம் இலட்சத்தைப் பறிப்பவனுக்கு இரண்டாயிரம் ஒரு பொருட்டாகுமா?

பிறநாட்டுப் படிப்பினை

பிற நாடுகள் சிலவும் முதலாளியையே முதலில் சோதிக்கின்றன. நியூசிலாந்தில் 2022 ஜூலை முதல், வெளிநாட்டார் ஒருவரை வேலைக்கு அழைக்க விரும்பும் நிறுவனம் முன்னதாக அரசின் அங்கீகாரம் பெறவேண்டும். அடுத்து, அந்த வேலையும் ஊதியமும் சோதிக்கப்படும். அதன் பின்னரே பணியாளர் விசா கேட்கலாம். வேலை தருவதற்காகப் பணியாளரிடம் முதலாளி பணம் வாங்குவதும் அங்கே குற்றம்.

இவ்வளவு இருந்தும் 2023 ஆகஸ்டில் ஆக்லாந்து நகரில் இந்தியரும் வங்காளதேசத்தவருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சில வீடுகளில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. பெருந்தொகை கொடுத்து வந்த அவர்களுக்குச் சொன்ன வேலை கிடைக்கவில்லை. அரசு விசாரணை நடத்தி, 2024இல் விதிகளை இறுக்கியது. முத்திரை தேவையே; ஆனால் முத்திரை மட்டும் போதாது. முத்திரையிட்டவர் மீண்டும் சென்று பார்க்கவேண்டும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் பணியாளர் விடுதியொன்றில் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவருள் எழுவர் தமிழர். ஆகவே பிள்ளை எங்கே உறங்குவான் என்பதும் நாம் கேட்கவேண்டிய கேள்வியே.

பெற்றோர் கேட்கவேண்டியவை

முன்பணம் கொடுக்குமுன், இல்லத்தார் அனைவரும் அமர்ந்து இவற்றைக் கேளுங்கள்:

முகவரின் பதிவு எண் யாது? 'இ-மைகிரேட்' தளத்தில் பதிவு பெற்றோர் பட்டியலில் அது உள்ளதா? பதிவு பெற்றவருக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஊர்த் தரகருக்குச் சட்டத்தில் இடமில்லை.

விசா எவ்வகையைச் சேர்ந்தது? சுற்றுலா விசாவில் அனுப்பி, 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பவரை நம்பற்க.

விசாவிலும் ஒப்பந்தத்திலும் உள்ள முதலாளியின் பெயர் ஒன்றுதானா? ஊதியம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் பயணச் செலவு எழுத்தில் உள்ளனவா?

கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது உண்டா?

பிரவாசி பாரதிய காப்பீடு எடுத்தாயிற்றா? ஈராண்டுக்கு ரூ.275 செலுத்தினால், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் ரூ.10 இலட்சம் வரை கிடைக்கும்.

ஐயம் எழுந்தால் 1800 11 3090 என்னும் கட்டணமில்லா எண்ணில் அரசின் உதவி மையத்தைக் கேட்கலாம்.

நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியற்காலையில் தாமே சந்தை வெளிக்குச் சென்றார். கூலியைப் பேசி முடித்த பின்னரே ஆட்களைத் தோட்டத்திற்கு அனுப்பினார். அழைப்பவரின் முகம் தெரிந்தது. கூலியும் முன்னரே தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கும் அவ்வளவேனும் தெரியவேண்டாமா?

அவ்விளைஞன் பின்னர் மீண்டும் வெளிநாடு சென்றான். இம்முறை தாயும் மகனுமாகத் தாள்களோடு வந்தனர். இரு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம்; தூதரகப் பதிவையும் சரிபார்த்தோம். அதன் பிறகே பூசையில் வேண்டிக்கொண்டோம். நிலம் மீண்டுவிட்டது, தோடு இன்னும் மீளவில்லை.

அன்புப் பெற்றோரே, ஆசி பெற வருகையில் தாள்களையும் எடுத்து வாருங்கள். பங்குப் பணியகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. முதலில் படிப்போம், பிறகு வேண்டுவோம்.