வழியில் நிற்கும் மொறிஸ் மைனர்

1948இல் இங்கிலாந்திலே பிறந்து இன்றும் நம் தெருக்களில் ஓடும் மொறிஸ் மைனர் காருக்கு விசித்திரமான நோயொன்று வருவதுண்டு. காலையில் யாழ்ப்பாணத்தில் நன்றாய்ப் புறப்படும். இயந்திரம் சூடேறியதும் ஆனையிறவு வெளியில், பிள்ளைகுட்டிகளோடு, நின்றுவிடும். ஆறியபின் மீண்டும் ஓடும்.

பலரும் பெற்றோலையே பழிப்பர். முதலில் தீப்பொறியைப் பாருங்கள். நின்ற சூட்டோடேயே டிஸ்ரிபியூற்றரின் நடுவயரைக் கழற்றி, அதன் உறையைத் தடித்த உலர்ந்த துணியாற் பற்றி, நுனியை இயந்திர இரும்புக்குக் கால் அங்குலம் விலக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பி இயந்திரத்தைச் சுழற்றச் சொல்லுங்கள். பொறி நீலமாய்ப் பாய்ந்தால், பெற்றோலை ஐயுறலாம். மஞ்சளாய் மெலிந்தால், சாவியை அணைத்து, மூடியைத் திறந்து பொயின்றைப் பாருங்கள். அதன் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருத்தல் வேண்டும். அது சரியாயிருந்தும் முகம் கருகியிருப்பின், பெரும்பாலும் குற்றவாளி சிறிய கண்டென்சரே. பொயின்ற் பிரியும் கணத்தில் மின்னைத் தான் ஏற்றுக்கொள்ள அது தவறினால், தூண்டற்சுருளில் வேண்டிய அழுத்தம் எழாது.

விலைமிக்க சுருளை வாங்க ஓடுமுன் இதனை மாற்றிப் பாருங்கள்.