ஆலையை அளக்கும் ஒளி

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பழுதான குழாயை மாற்ற வேண்டுமெனின், புதியதை வெளியே செய்து கொணர்வர். சில மில்லிமீட்டர் பிசகினும் அது பொருந்தாது. ஆலை வீணே முடங்கிக் கிடக்கும்.

ஆதலின், லேசர் ஒளியால் ஆலையை முன்னரே அளக்கின்றனர். ஒளி குழாயில் பட்டு மீளும் நேரம் தொலைவை உணர்த்துகிறது. எனினும், தூண்களும் தொட்டிகளும் மறைப்பதால், கருவியைப் பல இடங்களில் நிறுத்தி அளந்து, அவ்வளவுகளை இணைக்க வேண்டும்.

பிழை புகுவது இங்கேதான். இணைப்பு ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு திரும்பினாலும், 100 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் விலகிவிடும். இணைப்புதோறும் பிழை பெருகவும் கூடும்.

எனவே, முதலில் ஆலையெங்கும் நிலைப்புள்ளிகளைத் துல்லியமாக அளந்து நிறுவி, ஒவ்வோர் அளவையும் அவற்றோடு பொருத்துகின்றனர். முழுமையை வரையறுத்த பின்னரே பகுதிகளை நிரப்புதல் நில அளவையின் பழைய நெறி. லேசரும் அதற்குக் கட்டுப்பட்டதே.