போகும்போது நாலு மணி, வரும்போது மூன்றரை

ஆடி மாதம் வெண்ணந்தூரில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அம்மியையே பறக்கவிடும் என்று பேர்பெற்ற காற்று அது. அதே நாளில், அதே ஊருக்கு மேலே 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில், அதைவிடப் பல மடங்கு வேகமான காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த மேகங்கள் கிழக்கே விரைய, அவற்றின் இடுக்கில் தெரியும் மெல்லிய மேல்மேகங்கள் எதிர்த்திசையில் நகர்வதைச் சில நாள்களில் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

விமானம் பறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில் தூரத்துக்கு இருக்கும் அதே உரிமை இந்தக் காற்றுக்கும் உண்டு. இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் போய்ச் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார்கள். நேர்க்கோட்டில் அது சுமார் 3,000 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம், தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து, மணிக்கு 830 கி.மீ. அளவில் இருக்கும். ஆடியில் வழிநெடுக 60 கி.மீ. வேகக் கீழைக்காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். போகும்போது தரைக்கணக்கில் கிடைப்பது 770 கி.மீ.தான், வரும்போதோ 890. ஏறி இறங்கும் நேரத்தைத் தள்ளினால், போக 3 மணி 54 நிமிடம், திரும்ப 3 மணி 22 நிமிடம். இந்த அரைமணி வித்தியாசம் டிக்கெட்டில் கண்ணுக்குப் படாது. சிங்கப்பூர்க் கடிகாரம் நமதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்ப்பவர் குழம்பித்தான் போவார்.

இந்தக் காற்றுக்கு வேர் திபெத்தில் இருக்கிறது. கோடையில் அந்தப் பீடபூமி சூடேறி, மேலிருக்கும் காற்றையும் சூடாக்குகிறது. வடக்கே வெப்பம், தெற்கே கடல்மேல் அதைவிடக் குளிர்ச்சி. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, உயரத்தில் கிழக்கிலிருந்து ஓர் ஓட்டம் பிறக்கிறது. அதன் மையம் நம் தென்னிந்தியாவின் மேலேயே போகிறது. 1958-இல் இதை விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். தென்மேற்குப் பருவமழையின் பலத்தோடு நெருங்கிய உறவுள்ள ஓட்டம் இது. நம் தலைக்கு மேல் ஓடும் ஓர் ஆற்றைப் பள்ளிப் பாடம் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெண்ணந்தூர் மணிக்குச் சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் காற்று மண்டலமும் கூடவே சுழல்கிறது. அதில் மிதக்கும் விமானமும் அப்படியே. ஆதாயமோ நட்டமோ காற்றின் ஓட்டத்தால் மட்டுமே.

சேலம்–சென்னைப் பயணத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. நேர்க்கோட்டில் அது சுமார் 265 கி.மீ.தான், அங்கே பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் அந்த உயரத்துக்கு ஏறுவதே இல்லை.

வடக்கே கதை வேறு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 ஆனது. எதிரே மோதிய மேலைக்காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியதால், பயண நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது.